ஸ்பீக்கர் மண்டோரும் மூக்கன் மீனும்

உலகத்தில் மைக் என்ற ஒன்றை யாருமே கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் எங்கள் தோட்டத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது. எங்களிடம் ஸ்பீக்கர் மண்டோர் இருந்தார்.

மலேசியாவில் மந்தின் பட்டணத்திலிருந்து உள்ளே திரும்பி, பாமாயில் தரும் செம்பனை மரங்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரம் போனால் எங்கள் தோட்டம் வரும். அங்கே வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் அவர். ஆபிஸ் படியில் நின்று “டேய்!” என்றால், ஆற்றங்கரை ஓரத்தில் குலை வெட்டிக்கொண்டிருப்பவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு “நானா?” என்று திரும்பிப் பார்ப்பார். குலை வெட்ட வந்த வங்காளதேசத்துப் பிள்ளைகள் தமிழ் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அதனால் தமிழ் என்றாலே கத்திப் பேசுகிற மொழி என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். என்னிடம் லீவு கேட்க வந்தால்கூட, சண்டைக்கு வந்தவர்களைப் போலத்தான் கேட்பார்கள்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான் அதை மாதா மாதம் சம்பளப் பட்டியலில் டைப் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரையும் இந்த மனிதரையும் என்னால் ஒருநாளும் சேர்த்துப் பார்க்க முடிந்ததில்லை. அவராலும் முடிந்ததில்லை போலும். போனை எடுத்தால், “ஆ, ஸ்பீக்கர் பேசறேன்!” என்பார். போன் இல்லாமலே பேசியிருக்கலாம்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் தட்டின் முன் உட்கார்ந்து “ரசத்துல உப்பு கம்மிலா!” என்றால், நான் எழுந்துபோய் என் ரசத்தை ஒருமுறை ருசி பார்ப்பேன்.

மண்டோரின் மனைவி செல்லம்மா அத்தைக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. ஏன் என்று கேட்டால் கதை ஒன்று வைத்திருப்பார். “மணவறைல பக்கத்துல உக்காந்துகிட்டு, ஐயர்கிட்ட ‘நேரமாவுது, சீக்கிரம் முடிங்க’ன்னாரு. அப்பப் போனதுதான்மா இந்தக் காது.” அத்தைக்குக் கேட்காது என்பதால் மண்டோர் இன்னும் கத்துவார். மண்டோர் கத்துவதால் அத்தைக்கு இன்னும் கேட்காமல் போகும். நடுவில் நான்.

இந்த மனிதர் கையில் ஒரு கடல் மீன் தொட்டி வந்து சேர்ந்ததுதான் கதை.

தோட்டத்து மேனேஜர் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனபோது, பங்களா ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டியை எடுத்துப்போக வழியில்லை. ஆள் படுத்துப் புரளலாம், அவ்வளவு பெரிய தொட்டி. சாமான் ஏற்ற உதவிக்குப் போயிருந்த மண்டோரிடம், “நீயே எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். மண்டோர் தன் வீட்டு சோபாவை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தொட்டியை ஹாலில் உட்கார வைத்தார். மோட்டாரை எடுத்துக்கொண்டு சிரம்பான் டவுனுக்குப் பறந்தார். மீன் கடை முதலாளி, எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் வயதான சீனர், ஏதேதோ சொல்ல வாய் திறந்திருக்கிறார். இவர் “யா, யா, தெரியும்லா” என்று கலர் கலராக மீன்களைப் பையில் கட்டிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார். வந்ததும் பைகளின் வாயை அறுத்து, “போங்க! எல்லாரும் குடும்பமா இருங்க!” என்று தொட்டிக்குள் கொட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் திடுக்கிட்டேன். மீன்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சில நாளில் மீன்களின் உடம்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அன்று சாயந்திரம் நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னவோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவே நேரமாயிற்று. பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. இதை நான் மட்டும் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் கோயில் தலைவர் சாவு வீட்டுக்குப் போகிறவரைப் போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு, பின்னால் நாலைந்து பேர் வர, என் வாசலில் வந்து நின்றார்.

“ஸ்பீக்கர் வீட்ல சத்தத்தையே காணோமே. யாரும்மா, செல்லம்மாவா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு செல்லம்மா அத்தையே வெளியே வந்தார். தலைவர் ஓர் அடி பின்னால் போய்விட்டார்.

“யாருக்கு என்ன ஆச்சி?” என்றார் அத்தை.

“அதத்தான் நாங்க கேக்க வந்தோம்.”

“மீனு செத்துப்போச்சி.”

உடுத்திக்கொண்டு வந்தாயிற்று, உடனே திரும்பினால் நன்றாயிருக்காது. தலைவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்தார், தே தண்ணி குடித்தார், “மனசத் தேத்திக்கப்பா” என்று மண்டோரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நானும் போய்ப் பார்த்தேன். மண்டோர் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். வாழை இலைத் துண்டில் கடைசி மீன் கிடந்தது. “கிராணிம்மா, அந்த ஆளு என்னமோ சொல்ல வந்தாரு. நான்தான் நின்னு கேக்கல. நான்தான் கொன்னுட்டேன்” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகவும் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மறுபடி சிரம்பான். இந்த முறை அத்தையையும் மோட்டாரில் கூட்டிப்போனார். தவுக்கே மீன் எதையும் காட்டவில்லையாம். தோட்டங்களுக்குச் சரக்கு ஓட்டிய காலத்தில் கற்ற தமிழில், உட்கார வைத்துப் பாடம் நடத்தினாராம். அத்தை அப்படியே நடித்துக் காட்டுவார்:

“மண்டோர், இந்த மீன் கடல்ல இருந்து வருது. பையில வருது, பிளேன்ல வருது, லாரில வருது. பயந்து வருது. நீ வந்ததும் வேற தண்ணில தூக்கிப் போட்டா எப்படிலா? பெலான் பெலான். மெதுவா.”

புதிதாக வரும் மீனை நேரே பெரிய தொட்டியில் விடக்கூடாது. தனியாக ஒரு சின்னத் தொட்டியில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், மற்ற மீனுக்கு ஒட்டாது. அந்தச் சின்னத் தொட்டியில் விடுவதற்கும் முறை உண்டு. பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, பிறகு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் தண்ணீரில் கலக்க வேண்டும். வெளிச்சம் கூடாது. சத்தம் கூடாது.

“எவ்ளோ சத்தம் கூடாது?” என்று கேட்டாராம் மண்டோர்.

கடையிலிருந்த அத்தனை தொட்டியிலும் அத்தனை மீனும் மூலைக்கு ஓடினவாம்.

“இவ்ளோ” என்றாராம் தவுக்கே.

அதன்பிறகு மண்டோர் வீட்டுப் பின்னறை ஆஸ்பத்திரி வார்டாக மாறியது. அதில் மணல், கல் எதுவும் இல்லாத ஒரு வெறும் கண்ணாடித் தொட்டி. மீன் ஒளிந்துகொள்ள வெட்டிப் போட்ட தண்ணிக்குழாய்த் துண்டுகள். ஜன்னலுக்குப் போர்வை. அந்த அறைக்கென்று தனி வலை, தனி வாளி. உப்புத் தூளைக் கரைத்துக் கடல் தண்ணீர் செய்யும்போது, முதலில் நாக்கில் விட்டுத்தான் பார்த்தார். “என் சாம்பார ஒருநாளாச்சும் இப்படி நிதானமா ருசி பாத்திருப்பாரா, கேளு” என்றார் அத்தை. பிறகு தவுக்கே சொல்லி, உப்பு பார்க்கிற குழல் ஒன்று வாங்கிக் கண்ணில் வைத்துக் கப்பல் கேப்டன் மாதிரி பார்க்கத் தொடங்கினார்.

ஒருநாள் அத்தை அந்தத் தனி வாளியில் துணியை ஊறப் போட்டுவிட்டார், சோப்புத்தூளோடு. மண்டோர் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது. வாய் திறந்தது. பின்னறையில் அப்போதுதான் வந்த ஒரு ஜோடி மீன் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். தூரத்தில் நின்ற பப்பாளி மரத்தைப் பார்த்து, “அறிவிருக்கா உனக்கு!” என்று கத்தினார். திரும்பி வந்து, “பரவால்ல செல்லம்மா, வேற வாளி வாங்கிக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் திட்டு முழுவதையும் பப்பாளி மரம்தான் வாங்கியது. காய்ப்பில் ஒரு குறையும் இல்லை.

அந்த ஜோடி பிழைத்துப் பெரிய தொட்டிக்குப் போனது. அதன் பிறகுதான் மூக்கன் வந்தான்.

மூக்கன் என்பது நாங்கள் வைத்த பெயர். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டை பட்டையாக, தட்டையாக இருப்பான். வாய் மட்டும் இடுக்கி மாதிரி நீண்டிருக்கும். கடையில் அவனைப் பார்த்ததும் செல்லம்மா அத்தை, “ஐயே, மூக்கப் பாரு, எங்க சித்தப்பா மாதிரி!” என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். நின்று நின்று சிரித்திருக்கிறார். மண்டோர் மீனைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்திருக்கிறார். “இதக் குடுங்க தவுக்கே.” தவுக்கே யோசித்தார். “இது கஷ்டம்லா, மண்டோர். இங்க சாப்பிடும். இடம் மாறினா சாப்பிடாது. நிறைய பேர்கிட்ட பட்டினி கிடந்தே செத்துப்போச்சு.” மண்டோர் கேட்கவில்லை. அத்தை சிரித்துவிட்டாரே.

மூக்கனைக் கொண்டுவந்த அன்று, உப்புக் குழலில் கோடு சரியாகத் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். அறை இருட்டு. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று விழும். கோயிலில் தீபாராதனையையே “ம், ஆவட்டும் ஐயரே” என்று விரட்டுகிற மனிதர், ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்து நட கிராணிம்மா” என்று ரகசியமாகச் சொன்னார். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் அதிர்ந்தது. குரலைக் குறைக்க அவருக்கு ஆசைதான், பழக்கம்தான் இல்லை.

தவுக்கே சொன்னது நடந்தது. மூக்கன் சாப்பிடவில்லை. ஐஸில் வைத்த இறால் போட்டார், திரும்பிக்கொண்டான். புழு போட்டார், மூக்கைத் தூக்கிக்கொண்டான். லாலா சிப்பியை உயிரோடு வாங்கி, ஓட்டைத் திறந்து அப்படியே போடச் சொன்னார் தவுக்கே. தினம் காலையில் மந்தின் பசாருக்குப் போய் மண்டோர் லாலா வாங்கி வந்தார். மூக்கன் தொடவில்லை. பட்டினியில் அவன் முதுகு மெலிந்தது எனக்கே தெரிந்தது.

அதைவிட மண்டோரை உலுக்கியது வேறொன்று. அத்தை அறைக்குள் போய் உட்கார்ந்தால் மூக்கன் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நீந்துவான். மண்டோர் வாசற்படியில் கால் வைத்தாலே குழாய்க்குள் போய்விடுவான்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. மண்டோர் மீனுக்காகக் குரலை அடக்கி அத்தையின் காதோரம் பேசினார் போலும், அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. காது கேட்காத அத்தையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“நீங்க ஒண்ணும் செய்யல. உங்க நடையே அப்படி. தரை அதிருது.”

மண்டோர் ஏதோ கேட்டார் போலும்.

“யாரு, நானா? இப்ப எதுக்கு அது?”

மறுபடியும் அதையே கேட்டிருப்பார்.

“ஆமா, பயந்தேன். கட்டிக்கிட்டு வந்த புதுசுல, மோட்டர் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குப் போயிருவேன். நீங்க கெட்டவரு இல்லன்னு தெரியவே எனக்கு ரொம்ப நாளாச்சி.”

நான் எழுந்து போய் வேண்டுமென்றே டிவியைப் போட்டேன்.

மறுநாளிலிருந்து மண்டோர் பூட்சை ரோட்டோரத்திலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலில் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பின்னறையில் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அடுத்த நாள் அரை முழம் உள்ளே. அதற்கடுத்த நாள் இன்னும் அரை முழம். குலை வெட்டும் காட்டுக்குள்ளும் அவர் குரல் இறங்கிவிட்டது. குலை வெட்டுகிற பையன்களில் ஒருவன் கவலையோடு ஆபிசுக்கு வந்து, “கிராணி! மண்டோருக்கு ஒடம்பு சரியில்லையா!” என்று கத்தினான்.

இந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. அம்மன் ரதம் எங்கள் வீட்டு வரிசை வழியாகத்தான் போகும். முன்னால் கோலா பிலாவிலிருந்து வரும் உறுமி மேளம். அந்த அடிக்கு நெஞ்செலும்பு அதிரும். அதற்கும் முன்னால் வருஷா வருஷம் மண்டோர், “ஓம் சக்தி!” என்று குரல் கொடுத்துக்கொண்டு.

“கிராணிம்மா, நீ படிச்சவ. கூட வா” என்று கோயில் தலைவரிடம் என்னைக் கூட்டிப்போனார். நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பட்டினி கிடக்கிற மீன், இன்னும் அதிர்ந்தால் தாங்காது, எங்கள் வீடுகளைத் தாண்டும்வரை மேளத்தை நிறுத்த முடியுமா என்று.

தலைவர் எகிறினார். “இந்த வருஷம் மீனுக்கு நிறுத்துவோம், அடுத்த வருஷம் எவனாவது கோழி முட்டை போடுதுன்னு வருவான். அம்மன் என்ன ஊமை ஊர்வலமா போவா?”

மண்டோர் பதிலுக்குக் கத்துவார், நாமும் கத்தலாம் என்று மூச்சை இழுத்துத் தயாராக நின்றார் தலைவர். மண்டோர் கையைக் கட்டிக்கொண்டு, “முடிஞ்சா பாருங்க தலைவரே. முடியலன்னா விடுங்க” என்றார்.

தலைவர் இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். “யோவ், நீ இப்படிப் பேசாதய்யா, எனக்கு என்னமோ பண்ணுது. சரி, எனக்கு ஆட்சேபம் இல்ல. மேளக்காரனுங்கள நீயே கேட்டுக்க.”

திருவிழா அன்று சாயந்திரம் ரதம் கிளம்பும் முன்னே கேட்டோம். உறுமிக் குழுவின் தலைவன் வாட்டசாட்டமான ஆள். கறுப்புக் கண்ணாடி, கையெல்லாம் பச்சை குத்தியிருந்தான். நான் பேசி முடித்ததும் மண்டோரை மேலும் கீழும் பார்த்தான். நான் நல்ல வார்த்தை எதிர்பார்க்கவில்லை.

“என்ன மீனுண்ணே?” என்றான் மண்டோரிடம்.

“பட்டை போட்டிருக்கும்பா. நீள மூக்கு.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். “சாப்பிடுதா?”

“இல்ல.”

“எங்கிட்ட ரெண்டு போயிருச்சிண்ணே. நானும் என்னென்னமோ போட்டுப் பாத்தேன்.” தன் ஆட்களின் பக்கம் திரும்பினான். “டேய், அந்த லைட்டுக் கம்பத்துல இருந்து ரோட்டு வளைவு வரைக்கும் ஒருத்தனும் மேளத்துத் தோல்ல கை வைக்கக்கூடாது. வச்சா அடுத்த ஷோ கெடையாது.”

எங்கள் தோட்டத்தில் அப்படி ஓர் ஊர்வலம் நடந்ததில்லை. லைட்டுக் கம்பம் வந்ததும் மேளம் சட்டென்று நின்றது. ரதத்துச் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. சனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஐயர் பழக்கத்தில் மணியைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டார். தோட்டமே திரும்பி அவரை முறைத்தது. அவர் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் தலைவரின் போன் குத்துப் பாட்டுப் பாடியது. அவர் அதை வேட்டி மடிப்பில் போட்டு அமுக்கிக்கொண்டு, சாமி கும்பிடுகிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே பாட்டு முனகிக்கொண்டே இருந்தது.

மண்டோர் வீட்டு வாசலில் ரதம் நின்றது. மண்டோர் ரதத்துக்கு முன்னால் நின்றாரே தவிர வீட்டுக்குள் போகவில்லை, தான் போனால் மூக்கன் ஒளிந்துகொள்வான் என்று. அத்தைதான் உள்ளே லாலா சிப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. அத்தை வாசலில் வந்து நின்று, ஐந்து விரலையும் குவித்து மூக்கு மாதிரி வைத்து, மறு உள்ளங்கையில் கொத்திக் காட்டினார்.

மண்டோருக்கு முதலில் புரியவில்லை. அத்தை மறுபடி கொத்திக் காட்டினார். கொத்தினார், கொத்தினார், கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டினார்.

புரிந்துவிட்டது. மண்டோரின் நெஞ்சு விரிந்தது, வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற உறுமிக்காரன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினான். மண்டோர் அவன் கையை விலக்கிவிட்டுத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு ஓடினார். ரதத்தைத் தாண்டி, வளைவைத் தாண்டி, செம்பனைக்குள் நுழைந்து மறைந்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு காட்டுக்குள்ளிருந்து வந்தது பாருங்கள் ஒரு “ஓம் சக்தி!” மரத்துப் பறவைகள் மொத்தமும் எழும்பின. உறுமிக் குழு குடுகுடுவென்று வளைவுக்கு ஓடிப்போய் அடித்த அடியில், அன்று அருள் வராதவர்களே இல்லை.

மூக்கன் அதன்பிறகு சாப்பிட்டுத் தேறினான். நோய் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின், அதே சொட்டுச் சொட்டு முறையில் ஹாலுக்குக் குடிபோனான். தோட்டமே வந்து பார்த்தது. மண்டோர் எல்லாரையும் செருப்பைக் கழற்ற வைத்து, ஒவ்வொருவராக விட்டார். கடைசியில் ஒருநாள் மூக்கன் மண்டோரின் விரலிடுக்கில் இருந்த லாலாச் சதையைக் கொத்தினான். மண்டோர் கையை எடுக்கவே இல்லை. லாலா தீர்ந்தபின்னும் அப்படியே வைத்திருந்தார். “கடிக்குதுலா” என்று என்னைப் பார்த்து வாயசைத்தார். முகமெல்லாம் பல்.

எனக்கு வேறு வேலை கிடைத்துச் சிரம்பான் பக்கம் பாரோய்க்கு வந்துவிட்டேன். போன வருஷம் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யார் சொன்னார்களோ, இருவரும் மோட்டாரில் வந்துவிட்டார்கள். அத்தை கஞ்சியைக் கொடுத்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டிவிட்டு, தே வாங்கக் கீழே போனார். மண்டோர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தூங்கிப்போனேன். விழித்தபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது, மற்ற கட்டில்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், அத்தையைக்கூடக் கீழேயே நிறுத்திவிட்டார்கள் போலும். அவர் மட்டும் நர்சிடம் என்ன சொன்னாரோ, அதே நாற்காலியில், போர்வை நழுவாமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கட்டில் அம்மா அவரையும் என்னையும் பார்த்தார். “அப்பாவாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.